‘முன்பு’ படத்தில் என் சமையலறை

சுகர் லேண்ட்
அக்டோபர் 14, 2024

வானுவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

உன்னை வாட்ஸ்அப்பில் ப்ளாக் பண்ணிவிட்டேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. அதனால் இந்தப் பெட்டிக்குள்ளேயே கடிதத்தையும் வைக்கிறேன். பெட்டியில் இருப்பது எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ கொடுத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம். “அக்கா, இதுல எதும் வைக்கக் கூடாது, சும்மா அழகுக்கு” என்றாயே, அதுதான். எதையும் வைக்க முடியாத பாத்திரத்துக்கு என் வீட்டில் இடமில்லை.

சனிக்கிழமை சாரதா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். பதினைந்து பெண்கள் இருந்திருப்போம். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் சாரதா போனை நீட்டினாள். “வள்ளி, ஃப்ரீமான்ட்ல இருக்கற உங்க கோ-சிஸ்டர் இன்ஸ்டாவுல போட்டிருக்காங்க பாருங்க. இந்த லெஃப்ட் சைட் கிச்சன எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கே?”

பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் நான் ஒட்டியிருக்கும் அலுமினிய ஃபாயில், அதில் மஞ்சள் கறை. கிரைண்டர் மேல் சிவப்புத் துண்டு. நம் ஊர் கோபியிலிருந்து வந்த துணிக்கடைக் காலண்டர். அதற்கு மேல் கொட்டை எழுத்தில் ‘முன்பு’ என்று இங்கிலீஷில். பக்கத்திலேயே ‘பின்பு’ என்று ஒரு படம். வெள்ளைக் கல், தொங்கும் விளக்கு, கண்ணாடி ஜாடியில் நான்கு எலுமிச்சம்பழம். ப்ரியம்வதா சிரிப்பை அடக்க ஒரு வாய் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

செப்டம்பரில் நீ போன் பண்ணினாய். “அக்கா, உங்க கவுன்ட்டர் எவ்வளவு ஹைட்டு? அடுப்புக்கும் சிங்க்குக்கும் எவ்வளவு கேப்பு? கொஞ்சம் அளந்து அனுப்பறீங்களா?” இருபத்துமூன்று அளவு கேட்டாய். முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறி இறங்கி இருபத்துமூன்றையும் அளந்து அனுப்பினேன். நீ உன் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டப் போகிறாய், என்னுடையதைப் பார்த்துக் கட்டப் போகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? “எங்க ஓரகத்தி என் கிச்சன் மாதிரியே கட்டறாளாமா” என்று ஊர் முழுக்கச் சொன்னேன். முதலில் சொன்னது சாரதாவிடம்.

ஜூலையில் நீங்கள் வந்திருந்தபோது புயலடித்து நான்கு நாள் கரண்ட் இல்லை. உங்கள் விமானம் ரத்தாகிவிட்டது. நாங்கள் மூன்று பேர், நீங்கள் மூன்று பேர், பக்கத்து வீட்டு ஜெயபிரகாஷ் குடும்பம் மூன்று பேர். ஒன்பது பேருக்கும் அந்த ‘முன்பு’ சமையலறையில்தான் மூன்று வேளையும் ஆக்கிப் போட்டேன். நீ இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்தாய். அன்றைக்குக் கூடவே போட்டோவும் எடுத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வள்ளி


ஃப்ரீமான்ட்
அக்டோபர் 23, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ‘அன்புள்ள’ எழுத வருகிறது. எழுதிவிட்டேன்.

கிண்ணம் இரண்டாக உடைந்து வந்து சேர்ந்தது. ஒரே ஒரு செய்தித்தாளில் சுற்றியிருந்தீர்கள். கோபத்திலும் நீங்கள் இவ்வளவு அஜாக்கிரதையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மன்னித்துவிடுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டிலிருந்து இங்கே கம்யூனிட்டி காலேஜில் இன்டீரியர் டிசைன் படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிட்டால் கேவலமாக இருக்குமே என்றுதான். முதல் ப்ராஜெக்ட்டுக்கு எல்லோரும் நிஜமான ஒரு அறையை எடுத்துக்கொண்டு மாற்றி வரைய வேண்டும். என் போனில் உங்கள் சமையலறைப் படம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. உங்கள் பெயரை எங்கேயும் போடவில்லையே அக்கா. கோபிக் காலண்டரை வைத்து சாரதா ஆன்ட்டி கண்டுபிடிப்பார் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

டிசைனில் ‘முன்பு’ என்றால் அசிங்கம் என்று அர்த்தமில்லை. ஒரு தொடக்கம், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு அது தப்பாகப் படலாம்.

பதிவை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது முந்நூற்று நாற்பது பேர் லைக் பண்ணியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. டீச்சர் மிஸஸ் ரமிரெஸ் கூட நன்றாகத்தான் சொன்னார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேர் கெட்டுப்போனால் என்ன? அத்தை கோபியிலிருந்து வீடியோ கால் பண்ணினால் முதல் பத்து நிமிஷம் உங்கள் ரசம், அடுத்த பத்து நிமிஷம் உங்கள் பலகாரம். “வள்ளி கை பட்டா வீடே தனிக் களைங்க” என்று என்னிடமே சொல்கிறார். நான் பதினொரு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு படம் நன்றாக வந்தது. அதில் கூட உங்கள் சமையலறைதான் வந்து நிற்கிறது.

மகிழன் பெரியம்மாவுக்கு ஹாய் சொல்லச் சொன்னான். தீபாவளிக்கு உங்கள் முறுக்கு வராது என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

வான்மதி


சுகர் லேண்ட்
நவம்பர் 4, 2024

வானுவுக்கு,

முறுக்கு அனுப்பியிருக்கிறேன். அது மகிழனுக்கு. நீ தொடாதே.

தெரியாதவர்களுக்குத் தப்பாகப் படலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். தெரியாதவள் நான்தான் இல்லையா? சரி, தெரியாதவள் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

தீபாவளியன்று மதன் தம்பி இவரிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், நான் அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டேன். “வானு கிளாஸுக்குப் போயிட்டாளுங்கண்ணா, நான்தான் மகிழனுக்குத் தோசை ஊத்தறேன். பரவால்ல, அவ நல்லா வரையறா” என்றார். எவ்வளவு பெருமை அந்தக் குரலில்! எனக்கு வயிறு எரிந்தது வானு. எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்றதால் இல்லை. பொறாமைதான். எனக்கு உன் மேல் பொறாமை. எழுதியே விட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே உள்ள கம்யூனிட்டி காலேஜுக்கு நானே டிரைவ் பண்ணிப் போய் ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். என்னென்ன வகுப்பு, எந்தக் கிழமை என்றெல்லாம் போட்டிருக்கும் சின்னப் புத்தகம். இன்டீரியர் டிசைன் பக்கத்தில் மூன்று வகுப்புகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். இவரிடம் கேட்டேன். “வீட்ட நல்லாத்தான வெச்சிருக்கற வள்ளி, அதுக்கு எதுக்கு இன்னொரு படிப்பு?” என்றார். திட்டவில்லை, பாராட்டினார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாராட்டியவரோடு எப்படிச் சண்டை போடுவது? அப்புறம் ஓவியாவின் டான்ஸ் கிளாஸ், ஸ்விம்மிங், எஸ்.ஏ.டி. பரீட்சை என்று ஃப்ரீவேயிலேயே ஆறு வருஷம் போய்விட்டது.

அந்தப் புத்தகத்தைச் சமையலறையில் இரண்டாவது டிராயரில் வைத்திருந்தேன். அடியில் புத்தகம், அதன் மேல் ஃபாயில் சுருள், ஓரத்தில் தீப்பெட்டி. என் டிராயரில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், உனக்கே தெரியும். ஜூலையில் நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் டிராயரைத் திறந்தால், புத்தகம் ஃபாயில் சுருளுக்கு மேலே இருந்தது. ஓவியா எடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். நேற்று அவளைக் கேட்டேன். “வாட் புக், அம்மா?” என்றாள்.

ஜூலையில் புத்தகம் இடம் மாறியது. ஆகஸ்டில் நீ படிக்கச் சேர்ந்தாய். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். அதை நீ பார்த்தாயா?

வள்ளி


ஃப்ரீமான்ட்
நவம்பர் 12, 2024

அன்புள்ள அக்கா,

இந்த வாரம் ஒரே ஓட்டம். மகிழனுக்கு ஜுரம், ஸ்கூலுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை லைட்டிங் ப்ளான் ஒன்று கொடுத்தாக வேண்டும். முறுக்கு வந்தது, உடையாமல் வந்தது. ஜுரத்திலும் அவன் அதைத்தான் கேட்கிறான்.

விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

வான்மதி


சுகர் லேண்ட்
நவம்பர் 18, 2024

வானு,

ஜுரத்தோடு முறுக்கு கொடுக்காதே. சுக்குத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துக் கஷாயம் கொடு. இப்போது எப்படி இருக்கிறான்?

பார்த்தாயா, இல்லையா?

வள்ளி


ஃப்ரீமான்ட்
நவம்பர் 30, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜுரம் விட்டுவிட்டது. பார்த்தேன்.

புயலடித்த இரண்டாம் நாள் நீங்கள் காப்பி வைக்கப் போனீர்கள். “தீப்பெட்டி ரெண்டாவது ட்ராயர்ல ஓரமா இருக்கும், எடு வானு” என்றீர்கள். இருட்டில் எனக்கு ஓரம் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். புத்தகம் கையில் வந்தது. போன் வெளிச்சத்தில் அந்த மூன்று வட்டங்களையும் பார்த்தேன்.

உங்களுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நல்ல பெண்ணாக இருந்தால் அப்போதே “என்னக்கா இது, போய்ச் சேருங்க” என்று சொல்லியிருப்பேன். எனக்குப் பயம்தான் வந்தது. இப்போதே இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றிலும் நீங்கள்தான் முதல். சர்டிஃபிகேட்டும் வாங்கி வைத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? விமானத்தில் வரும்போதெல்லாம் இதே நினைப்பு. வந்த மறுநாளே இங்குள்ள காலேஜ் வெப்சைட்டில் அந்த மூன்று வகுப்பும் இருக்கிறதா என்று தேடினேன். மூன்றும் இருந்தன. இரண்டில் சேர்ந்துவிட்டேன். மூன்றாவதற்கு இடம் கிடைக்கவில்லை.

உங்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதற்காகத்தான் சேர்ந்தேன் அக்கா. எனக்குப் பிடித்ததெல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அது இதைவிட மோசம். டீச்சர் நன்றாகத்தான் சொன்னார் என்று எழுதினேன் அல்லவா? சொன்னார், ஆனால் என்னுடைய படத்தை இல்லை.

எல்லோர் வரைபடத்தையும் சுவரில் மாட்டி ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். நான் இன்ஸ்டாவில் போட்டது அதற்கு முதல் நாள். மிஸஸ் ரமிரெஸ் என் ‘பின்பு’ படத்துக்கு முன்னால் நின்று, “இந்த வீட்டம்மா எவ்வளவு உயரம்?” என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஐந்தடி ஆறு அங்குலம் என்றேன். அவர் உங்கள் சமையலறைப் படத்தைக் காட்டினார். “இதில் எல்லாக் கொக்கியும் ஐந்தடிக்குக் கீழே இருக்கிறது. நீ உன் உயரத்தைச் சொல்கிறாய்” என்றார். வகுப்பே சிரித்தது. என் ஷெல்ஃப் எதுவும் உங்கள் கைக்கு எட்டாது அக்கா. பதினொரு வருஷமாக உங்களைப் பார்க்கிறேன், நீங்கள் குட்டை என்பதே அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. வரையும்போது முழுக்க முழுக்க அந்தச் சமையலறையில் என்னை நிற்க வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீங்கள் அளந்து அனுப்பிய இருபத்துமூன்று அளவையும் வைத்து நான் போட்ட பழைய தரைப்படத்துக்குப் போனார். சிவப்புப் பேனாவை எடுத்தார். அடுப்பிலிருந்து சிங்க்குக்கு இரண்டு எட்டு. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் நின்ற இடத்தில் கை நீட்டும் தூரம். ஃபாயில் எதற்கு என்று கேட்டார். தாளிக்கும்போது தெறிக்கும், தேய்க்க வேண்டியதில்லை, மாதம் ஒரு தடவை உரித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டுவார்கள் என்றேன். நான்கு நாள் கரண்ட் இல்லாமல் ஒன்பது பேருக்குச் சமைத்தார் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அந்தத் தரைப்படத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எழுதினார்.

எனக்கு நூற்றுக்கு எழுபத்திரண்டு. உங்களுக்கு அவர் எழுதியது இந்த அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்பியிருக்கும் தாளில் இருக்கிறது. ஏழு வாரமாக அதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு தடவை கிழிக்கக் கூடப் போனேன். மதன் பார்த்துவிட்டு, “என்ன வானு அது?” என்றார். “ஒண்ணுமில்ல, வேஸ்ட்டு” என்றேன். அதற்கு மேல் கிழிக்க மனசு வரவில்லை.

கிண்ணத்தை ஒட்டிவிட்டேன். வாசலில் வைத்து அதில் கார்ச் சாவியைப் போடுகிறேன். இப்போதுதான் அது எதற்காவது ஆகிறது.

நீங்கள் என்னை அன்ப்ளாக் பண்ண வேண்டாம். தாள் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

வான்மதி


சுகர் லேண்ட்
டிசம்பர் 17, 2024

வானு,

தாள் வந்தது. வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உன்னைக் கொஞ்சம் காக்க வைக்கலாம் என்றுதான் எழுதவில்லை.

முதல் மூன்று நாள் உன் மேல் வந்த கோபத்தில் குழாயைத் திறக்கவே இல்லை. என் டிராயர், என் புத்தகம், என் வட்டம். திருடியிருந்தால் கூடப் பரவாயில்லை, பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்திருக்கிறாய், அதையும் தப்பான இடத்தில். நாலாம் நாள் ஓவியா திறந்தாள். சாப்பாட்டு மேஜை மேல் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துக் காட்டினாள். அவள் இங்கிலீஷில் படித்ததை எனக்குத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றியது. எழுதிக்கொண்டேன். ‘இந்தச் சமையலறையை அமைத்தவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேள். அவர் இதை ஏற்கெனவே டிசைன் பண்ணிவிட்டார். உன்னைவிட நன்றாக.’

கடைசி இரண்டு வார்த்தையை அவளை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

இன்னும் கேள். நேற்று சாரதா வீட்டில் மார்கழி பஜனை. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். பொங்கல் கொடுத்து முடிந்ததும் அவள் கிச்சன் நடுவில் இருக்கும் ஐலண்டு மேடை மேல் விரித்தேன். ப்ரியம்வதா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். சாரதா, “வள்ளி, என் கிச்சனையும் ஒருக்கா பார்த்துச் சொல்றீங்களா? மிக்ஸி எடுக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிருது” என்றாள். நான் பிகு பண்ணிக்கொண்டு, “பார்க்கலாங்க, டைம் இருந்தாப் பார்க்கலாம்” என்றேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் மிக்ஸியை எங்கே வைப்பது என்றுதான் யோசித்தேன்.

நேற்றே சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். “ஜனவரில காலேஜுல சேரப் போறனுங்க.” இவர் கையில் சோற்று உருண்டையோடு நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு வள்ளி? நீ வெச்சிருக்கறதத்தான் வாத்தியாரம்மாவே நல்லாருக்குன்னு எழுதிட்டாங்களே?” என்றார். மறுபடியும் பாராட்டு! ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே பாராட்டில்தான் வாயடைத்துப் போனேன். “நல்லா வெச்சிருக்கறவங்கதான் படிக்கோணுமுங்க” என்றேன். ஓவியா தட்டைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, டோன்ட் ஆர்க்யூ” என்றாள். அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

ஃபார்மில் முன் அனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு, உன் எழுபத்திரண்டும் அந்தச் சிவப்பு எழுத்தும் ஞாபகத்துக்கு வந்தன, அடித்துவிட்டு ‘ஒரு சமையலறை’ என்று எழுதினேன்.

உன்னை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. அதே தாளில் இருக்கும் உன் ‘பின்பு’ படத்தையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், அதில் அந்த விளக்கு நன்றாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படி ஒரு விளக்கை அந்த இடத்தில் தொங்கவிடத் தோன்றியிருக்காது. அது எப்படி உனக்குத் தோன்றியது என்று நினைத்தால் மறுபடியும் வயிறு எரிகிறது. விளக்கு எங்கே கிடைக்கும் என்று எழுது. ஷெல்ஃப் வேண்டாம்.

உன்னை அன்ப்ளாக் பண்ணிவிட்டேன். ஆனாலும் படிப்பு விஷயமெல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும், குடும்பக் குழுவில் போட்டால் அத்தை நம் இருவரையும் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி வகுப்பு ஆரம்பம். புத்தகத்தில் நான் வட்டம் போட்ட மூன்றில் எதிலும் சேரவில்லை. நாலாவதாக ஒன்று இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது, அதில் சேர்ந்துவிட்டேன். எது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிடுவாய்.

அன்புள்ள
வள்ளி அக்கா